கும்குவாட்: காய்த்த மரத்தின் களைப்பு

சீனப் புத்தாண்டு முடிந்து பதினைந்து நாள் ஆனால் போதும், சிங்கப்பூரில் எங்கள் புளோக்கின் கீழே, குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில், ஒரு சின்னத் தோப்பே வந்துவிடும். இடுப்பளவு உயரம். பளபளக்கும் இலை. உடம்பெல்லாம் பொன்னிறப் பழம். கிளைகளில் இன்னும் அவிழ்க்காத சிவப்பு ரிப்பன். இரண்டு வாரத்துக்கு முன்னால் வாசலுக்கு இரண்டு பக்கமும் ஜோடியாக நின்ற கும்குவாட் மரங்கள்தான் அவை.

2023ல் அதில் ஒன்றை மேலே தூக்கிக்கொண்டு வந்தேன். வீடியோ காலில் அம்மாவிடம் காட்டினேன்.

"ஏன்டா, காய்ச்சுக் குலுங்குற மரத்தப் போயி யாராச்சும் குப்பையில போடுவாங்களா? காய்ச்ச மரத்துல கல்லடி விழும்னு கேள்விப்பட்டிருக்கேன். இது என்னடா கூத்து?"

அம்மாவுக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. மரத்தைக் காரிடாரில் வைத்தேன். காலையில் ஒரு தடவை, சாயந்திரம் ஒரு தடவை தண்ணீர். பாவம், இவ்வளவு பழத்தைத் தாங்குகிறதே என்று ஒரு பிடி உரமும் போட்டேன். மார்ச்சில் இலை மஞ்சளாச்சு. ஏப்ரலில் கொட்ட ஆரம்பிச்சுது. கடைசியில் இலை ஒன்றுகூட இல்லை, பழம் மட்டும் அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. தொட்டியைக் கவிழ்த்துப் பார்த்தால் வேரெல்லாம் கறுத்துப்போய், சாக்கடை வாடை.

ஒரு மரத்தைக் கொன்றுவிட்ட குற்ற உணர்ச்சியில் ஆரம்பித்த வாசிப்பு இது. 'கும்குவாட் வளர்ப்பது எப்படி' என்று தேடப் போனவன், சோங் வம்சம் வரைக்கும் போய் வந்தேன். படித்ததை இங்கே வரிசையாக எழுதி வைக்கிறேன். நான் செய்த தப்புக்கான பதில் அந்த வரலாற்றில்தான் இருந்தது.

முதலில், எது கும்குவாட்?

பெயர் கான்டனீஸ் மொழியிலிருந்து வந்தது. 'கம் குவாட்' என்றால் பொன் ஆரஞ்சு. கான்டனீஸில் இந்தப் பழத்தைக் குறிக்கும் சொல்லும் நற்பேறு என்ற சொல்லும் ஒரே ஒலி. ஆக வாசலில் இந்த மரம் நின்றால், பொன்னும் அதிர்ஷ்டமும் சேர்ந்து நிற்கிறது என்று கணக்கு. வசூல் வருஷம் முழுக்க நல்லா இருக்கணும்னு கடைக்காரங்க வாங்கி வைக்கிறது இதனாலதான்.

எலுமிச்சைக் குடும்பத்தில் இது கொஞ்சம் தலைகீழான பழம். மற்றதில் தோலை எறிந்துவிட்டுச் சுளையைத் தின்போம். இதில் தோல்தான் இனிப்பு, உள்ளே புளிப்பு. விரல்களுக்கு நடுவே நாலு உருட்டு உருட்டினால் தோலில் இருக்கும் எண்ணெய் மணம் கிளம்பும். அப்படியே முழுசாக வாயில் போட்டு மெல்ல வேண்டியதுதான்.

ஒரு எச்சரிக்கை. புத்தாண்டுச் சந்தையில் 'கும்குவாட்' என்று விற்கிற எல்லாமே கும்குவாட் இல்லை. உருண்டையாக, தோல் மெல்லிசாக, பிழிந்தால் சாறு நிறைய வந்தால் அது பெரும்பாலும் கலமான்சி. மலாயில் 'லிமாவ் கஸ்தூரி' என்பார்கள். நம் காதுக்கு நன்றாகவே பழக்கமான பெயர். அது கும்குவாட்டுக்கும் மாண்டரின் ஆரஞ்சுக்கும் பிறந்த கலப்பு. பழத்தைக் குறுக்கே வெட்டிப் பார்ப்பது சுலபமான சோதனை. நீள்வட்டக் கும்குவாட்டில் நாலைந்து சுளைகள்தான் இருக்கும், சாறும் குறைச்சல். கலமான்சியில் அதைவிட அதிகம். இதை ஏன் முதலிலேயே சொல்கிறேன் என்றால், இரண்டின் குணமும் வேறு. வருஷம் முழுக்க வெயிலும் மழையுமாக இருக்கிற ஊரில் கலமான்சி கவலையில்லாமல் வளரும். கும்குவாட் அப்படி இல்லை. அதற்கு ஓய்வு வேண்டும். எப்படிப்பட்ட ஓய்வு என்பது பின்னால் வரும்.

பேரரசிக்குப் பிடித்த பழம்

கும்குவாட் பற்றிக் கிடைக்கிற பழைய குறிப்புகளில் எனக்கு ரொம்பப் பிடித்தது ஓயாங் ஷியூ எழுதியது. 11ஆம் நூற்றாண்டின் பெரிய எழுத்தாளர், அரசு அதிகாரி. பூர்வீகம் ஜியாங்ஷி. கும்குவாட் விளைகிற ஊர் அது. ஓய்வுக்காலக் குறிப்புகளில் இந்தப் பழத்தின் கதையைச் சொல்கிறார். தலைநகர் கைஃபெங் வெகு தூரம் என்பதால், 1030கள் வரை தலைநகரத்துக்காரர்களுக்கு இப்படி ஒரு பழம் இருப்பதே தெரியாது. வந்த பிறகும் பெரிதாக யாரும் மதிக்கவில்லை. பேரரசர் ரென்சோங்கின் பிரிய மனைவி ஒருத்தி அதை விரும்பிச் சாப்பிட ஆரம்பித்த பிறகுதான் விலை ஏறியது. இறந்த பிறகு பேரரசி வென்செங் என்று பட்டம் பெற்றவர் அவர்.

அதே குறிப்பில் இன்னொரு தகவல். அவருடைய ஊர்க்காரர்கள் இந்தப் பழத்தை நாள்பட வைத்திருக்க, பாசிப்பயற்றுக்குள் புதைத்து வைப்பார்களாம். காரணமும் சொல்கிறார்கள்: பழம் சூடு, பயறு குளிர்ச்சி. படித்ததும் சிரித்துவிட்டேன். எங்கள் ஆத்தா பேசுகிற மாதிரியே இருந்தது.

அடுத்த நூற்றாண்டில், 1178ல், ஹான் யான்ஜி என்ற அதிகாரி 'ஜூ லு' என்று ஒரு நூல் எழுதினார். ஆரஞ்சுகளின் பதிவேடு என்று சொல்லலாம். கடலோர வென்ஜோ பகுதியின் ஆளுநராக இருந்தபோது எழுதியது. எலுமிச்சைக் குடும்பத்துக்கென்றே எழுதப்பட்டு நமக்குக் கிடைத்திருக்கும் நூல்களில் மிகப் பழையது இதுதான் என்பார்கள். கும்குவாட்டையும் சேர்த்திருக்கிறார். பெரியது காசு அளவு, சின்னது லோங்கன் பழ அளவு, சாப்பிடுகிறவர்கள் அதன் பொன் சட்டையை உரிப்பதில்லை, தேனில் ஊறப்போட்டால் இன்னும் விசேஷம் என்று எழுதுகிறார். ஓயாங் ஷியூ சொன்ன பேரரசி கதையையும் மறக்காமல் குறிப்பிடுகிறார்.

நூலின் மூன்றாவது பகுதி முழுக்க வளர்ப்பு முறை. கும்குவாட்டுக்கு மட்டும் என்றில்லை, மொத்தக் குடும்பத்துக்கும் சேர்த்துச் சொன்னது. ஆனாலும் தோட்டக்காரன் ஒருவன் பக்கத்தில் நின்று சொல்கிற மாதிரி இருக்கிறது:

— வேர்ப்பக்கத்துக்கு வேறு ஒரு வகையின் விதையை முளைக்க வைத்து, அதன்மேல் நல்ல வகையை ஒட்டுக் கட்டு.

— மேட்டுப்பாத்தியில் நடு. தண்ணீர் வடிந்து ஓட வாய்க்கால் எடு. மரத்துக்கு மரம் ஏழெட்டு அடி விடு.

— வருஷத்துக்கு நாலு தடவை கொத்திக் களை எடு. குளிர்காலத்தில் ஆற்று வண்டலை வேரில் அணை. கோடையில் எருவிடு.

— மரத்துக்கு நோய் இரண்டு: மேலே படரும் பாசி, உள்ளே குடையும் புழு. பாசியை இரும்பால் சுரண்டி எடு, பூக்காத கிளைகளைக் கழி, காற்றும் வெயிலும் உள்ளே போகட்டும். மரத்தூள் கொட்டுகிற ஓட்டை தெரிந்தால் கொக்கியால் புழுவைத் தேடி எடு, பிறகு மர ஆணி அடித்து ஓட்டையை அடை.

— உரிய காலத்துக்கு முன்னாலேயே பழம் மஞ்சளாகிறது என்றால் உள்ளே எங்கோ நோய் என்று புரிந்துகொள்.

கடைசி வரியில் நான் கொஞ்ச நேரம் நின்றேன். சீக்கிரம் பழுப்பது நல்ல அறிகுறி இல்லை, மரத்தைப் பார் என்று எண்ணூறு வருஷத்துக்கு முன்னாலேயே ஒருவர் எழுதி வைத்திருக்கிறார். அப்புறம் அந்த வாய்க்கால். ஹான் யான்ஜிக்கு முதல் கவலை தண்ணீரை வெளியே அனுப்புவது. எனக்கு முதல் கவலை தண்ணீரை உள்ளே ஊற்றுவது. என் மரம் ஏன் செத்தது என்பதற்குப் பாதிப் பதில் இங்கேயே கிடைத்துவிட்டது.

பெட்டியில் போன மரம்

ராபர்ட் ஃபார்ச்சூன் என்ற பெயரைத் தேயிலை வரலாறு படித்தவர்கள் கேள்விப்பட்டிருப்பார்கள். சீனாவிலிருந்து தேயிலைச் செடிகளைக் கடத்தி இமயமலை அடிவாரத் தோட்டங்களுக்கு அனுப்பிய ஸ்காட்லாந்துக்காரர். அந்தக் காரியத்துக்கு முன்னாலேயே, 1843 முதல் 1845 வரை, லண்டன் தோட்டக்கலைச் சங்கத்துக்காகச் சீனாவில் செடி சேகரித்தார். கிழக்குக் கடலோரத்தில் ஜோஷான் தீவில் கும்குவாட் புதர்கள் மலைச்சரிவுகளில் பழத்தோடு நிற்பதைப் பார்த்து எழுதியிருக்கிறார். 1846ல் அது ஐரோப்பாவுக்கு வந்து சேர்ந்தது. கடலில் செடி சாகாமல் இருக்க வார்டியன் பெட்டி என்ற கண்ணாடிப் பெட்டியைப் பயன்படுத்திய காலம்.

அவருடைய பெயர் மரத்தில் ஒட்டிக்கொண்டது பின்னால். 1915ல் வால்டர் ஸ்விங்கிள் என்ற அமெரிக்கத் தாவரவியலாளர், கும்குவாட் மற்ற எலுமிச்சைகளிலிருந்து வேறுபட்டது என்று சொல்லி அதற்கு 'ஃபார்ச்சுனெல்லா' என்று தனிப் பேரினமே வைத்தார். இப்போது பலரும் அதைத் திரும்ப 'சிட்ரஸ்' பேரினத்துக்குள்ளேயே சேர்த்துவிட்டார்கள். 2018ல் நேச்சர் இதழில் வந்த மரபணு ஆய்வும் அந்தக் குடும்பத்தின் ஆதி இனங்களில் ஒன்றாகத்தான் கும்குவாட்டைக் காட்டுகிறது.

ஸ்விங்கிளுக்குக் கும்குவாட் மேல் ஏன் இவ்வளவு அக்கறை? காரணம் குளிர். 1894 டிசம்பரிலும் 1895 பிப்ரவரியிலும் அடுத்தடுத்து வந்த உறைபனியில் ஃப்ளோரிடாவின் ஆரஞ்சுத் தோப்புகள் கருகிப்போயின. குளிர் தாங்குகிற எலுமிச்சை வகை வேண்டும் என்று அமெரிக்க விவசாயத் துறை தேடியது. 1909ல் ஃப்ளோரிடாவின் யூஸ்டிஸ் ஊரில் ஸ்விங்கிள் கும்குவாட்டையும் சின்ன எலுமிச்சையையும் கலந்து 'லைம்குவாட்' உண்டாக்கினார்.

எலுமிச்சை பனியில் சாகும் இடத்தில் கும்குவாட் பிழைத்துக்கொள்வது எப்படி? அது ஆழமாகத் தூங்குகிறது. குளிர்காலத்தில் நடுவே ஒரு வாரம் இரண்டு வாரம் வெயில் அடித்தால் மற்ற எலுமிச்சைகள் ஏமாந்து துளிர்விடும். அடுத்த பனியில் அந்தத் துளிர் கருகும். கும்குவாட் ஏமாறாது. நன்றாகச் சூடு வந்து நிலைத்த பிறகுதான் கண் விழிக்கும். அதனால் பூப்பதும் தாமதம், கோடை நடுவில்தான் பூக்கும். நான் மேலே சொன்ன ஓய்வு இதுதான். சிங்கப்பூரில் அந்தத் தூக்கத்துக்குச் சான்ஸே இல்லை. வருஷம் முழுக்க முப்பது டிகிரி.

இன்னொரு சுவாரசியமான தொடர்பு. இந்த ஸ்விங்கிள் சீன நூல்கள் மேல் பைத்தியம் பிடித்த ஆள். அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் சீனத் தொகுப்பு வளர்ந்ததில் அவருக்குப் பெரிய பங்கு. அவரோடு வேலை பார்த்த மைக்கேல் ஹாகர்ட்டிதான் 1923ல் ஹான் யான்ஜியின் 'ஜூ லு'வை ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தார். பனியில் கருகிய தோப்புகளுக்கு மாற்றுத் தேடிய ஒரு துறையில் உட்கார்ந்துகொண்டு 12ஆம் நூற்றாண்டுத் தோட்டக்காரனைப் படித்திருக்கிறார்கள். நான் குப்பைத்தொட்டி மரத்திலிருந்து அங்கே போனதில் தப்பே இல்லை என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

வாட வைத்துப் பூக்க வைப்பது

இனி முக்கியமான இடம்.

இயல்பாக விட்டால் ஒரு தோட்டத்தில் பத்து கும்குவாட் பத்து நாளில் பழுக்கும். புத்தாண்டு வியாபாரத்துக்கு அது ஆகாது. ஆயிரம் மரமும் ஒரே வாரத்தில், ஒரே நிறத்தில் வந்து நிற்க வேண்டும். பண்டிகை முடிந்த மறுநாள் பழுத்த மரத்துக்கு விலையே இல்லை. பொங்கல் கழித்து வந்த மஞ்சள் கொத்து மாதிரி.

அதிலும் நமக்குப் பொங்கல் சூரியக் கணக்கு, தேதி அசையாது. சீனப் புத்தாண்டும் வியட்நாமின் டெட் பண்டிகையும் சந்திரக் கணக்கு. 2023ல் ஜனவரி 22, 2024ல் பிப்ரவரி 10, 2025ல் ஜனவரி 29, 2026ல் பிப்ரவரி 17. வருஷத்துக்கு வருஷம் இரண்டு மூன்று வாரம் தள்ளிப் போகும், முன்னால் வரும். மரத்துக்குப் பஞ்சாங்கம் தெரியாது. தோட்டக்காரன்தான் அதற்குச் சொல்ல வேண்டும்.

எப்படிச் சொல்கிறான்? தெற்குச் சீனாவின் குவாங்டாங்கில், ஜூன் கடைசி ஜூலை வாக்கில் தண்ணீரை நிறுத்திவிடுவார்கள். இலை சுருண்டு தொங்கும். மரம் செத்துவிடுமோ என்கிற கட்டம் வரும்போது மறுபடி தண்ணீர். மரம் திடுக்கிட்டு மொத்தமாகப் பூக்கும். வடக்கு வியட்நாமில் இன்னும் ஒரு படி மேலே போவார்கள். ஹனோயில் சிவப்பாற்றின் கரையோரம் து லியென் என்ற இடம் கும்குவாட்டுக்குப் பேர் போனது. அங்கே சந்திர மாதக் கணக்கில் ஐந்தாம் ஆறாம் மாதத்தில் மரத்தை வேரோடு தோண்டி எடுத்து, ஓரத்து வேர்களை வெட்டி, சில நாள் தண்ணீர் இல்லாமல் வாட விட்டு, பிறகுதான் திரும்ப நடுவார்கள். அந்த அதிர்ச்சியில் பூ வரும். பூத்த பிறகு பழுக்க எவ்வளவு நாள்? ஜப்பானின் மியாசாகி மாநிலத்தில் 'தமதமா' என்று விற்கும் உயர்ரகக் கும்குவாட்டுக்கு ஒரு விதி உண்டு: பூத்ததிலிருந்து 210 நாளுக்குக் குறையாமல் மரத்திலேயே பழுத்திருக்க வேண்டும். ஜனவரி கடைசியிலிருந்து 210 நாள் பின்னால் எண்ணிப் பாருங்கள். ஜூலை முதல் வாரம் வரும். குவாங்டாங்கிலும் து லியெனிலும் மரத்தை வாட விடுகிற அதே சமயம்.

தண்ணீரை நிறுத்திப் பூக்க வைக்கிற வித்தை நம் நாட்டுக்கும் புதிதில்லை. நாக்பூர் ஆரஞ்சுத் தோப்புகளில் 'பஹார்' என்று சொல்லி இதைத்தான் செய்கிறார்கள்.

டெட் பண்டிகைக்கு நல்ல மரம் என்றால் அதில் நாலும் இருக்க வேண்டும் என்பார்கள்: பழுத்த பழம், பச்சைக் காய், பூ, தளிர். பார்க்க அழகுதான். ஆனால் மரத்தின் பக்கத்திலிருந்து யோசித்துப் பாருங்கள். வேரை வெட்டி, பட்டினி போட்டு, பிறகு நூற்றுக்கணக்கான பழத்தைச் சுமக்க வைத்து, கூம்பு வடிவத்துக்காகக் கிளைகளைக் கம்பியால் வளைத்துக் கட்டி, ஒரு சின்னத் தொட்டிக்குள் அடக்கி நம் வாசலுக்கு அனுப்புகிறார்கள். அது மிக அழகாக நிற்கிற நாளும் மிகக் களைத்திருக்கிற நாளும் ஒன்றுதான். அந்த நாளில்தான் நாம் அதைக் கையில் வாங்குகிறோம்.

இதைக் கொடுமை என்று சொல்ல வரவில்லை. ஏனென்றால் தோட்டக்காரர்களின் வேலை அதோடு முடிவதில்லை. ஹனோயில் பல பேர் மரத்தை வாங்குவதில்லை, வாடகைக்கு எடுக்கிறார்கள். பண்டிகை முடிந்ததும் மரம் தோட்டத்துக்கே திரும்பும். மிச்சப் பழத்தைப் பறித்து, கிளையைக் கழித்து, மண்ணில் இறக்கித் தேற்றுவார்கள். அடுத்த வருஷம் அதே மரம் மறுபடி வரும். வாட வைப்பது பாதி வித்தை, தேற்றுவது மீதிப் பாதி. சிங்கப்பூருக்குச் சீனாவிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் கப்பலேறியும் லாரியேறியும் வருகிற மரங்களோடு முதல் பாதி மட்டும்தான் வருகிறது. மீதிப் பாதியைச் செய்ய ஆளில்லாமல் மரம் குப்பைத்தொட்டிக்குப் போகிறது. அம்மா கேட்ட கேள்விக்கு இப்போது என்னிடம் இருக்கும் பதில் இது.

அந்தத் தோட்டக்காரர்களுக்கும் ஆபத்து தண்ணீரில்தான் வந்தது. 2024 செப்டம்பர் 7 அன்று யாகி புயல் வடக்கு வியட்நாமைத் தாக்கியது. அடுத்த சில நாட்களில் சிவப்பாறு பொங்கியது. து லியென் தோட்டங்கள் வெள்ளக்கரைக்கு வெளியே, ஆற்றுப் பக்கம் இருப்பவை. காய் பிடித்து நின்ற மரங்கள் நாள்கணக்கில் தண்ணீருக்குள் நின்றன. வெள்ளம் வடிந்த பிறகு வேர் அழுகிச் செத்தன. டெட் பண்டிகைக்கு நாலரை மாதம்தான் பாக்கி. ஒரு வருஷ வருமானம் மட்டும் என்றால் பரவாயில்லை, பல வருஷம் வளைத்து வளர்த்த மரங்கள் அவை. அந்தப் படங்களைப் பார்த்தபோது என் தொட்டியிலிருந்து வந்த அதே வாடை ஞாபகம் வந்தது. ஆறு செய்ததை நான் ஒரு பிளாஸ்டிக் குவளையால் செய்திருக்கிறேன், அவ்வளவுதான்.

மீதிப் பாதி

2024 பிப்ரவரி கடைசியில் இரண்டாவது மரத்தைத் தூக்கி வந்தேன். நீள்வட்டப் பழம், வெட்டினால் ஐந்து சுளை, ஆக நிஜக் கும்குவாட். இந்த முறை அம்மாவிடம் தோட்டக்காரர்கள் கதையைச் சொன்னேன். "அப்பறம் என்ன? பெத்து எந்திரிச்ச ஒடம்பு மாதிரிதான் அது. மொதல்ல பத்தியம், அப்பறந்தான் விருந்து"ன்னாங்க. நான் புத்தகத்தில் தேடியதை அவர் ஒரு வரியில் சொல்லிவிட்டார். செய்ததை வரிசையாகத் தருகிறேன்.

முதல் வேலை, பழம் எல்லாவற்றையும் பறித்தேன். மனசு வராதுதான். பறிக்கும்போது இழுக்காமல் கத்தரியால் காம்பை நறுக்கினேன். இழுத்தால் தோல் கிழியும், கிளையும் காயப்படும். இந்தப் பழங்களைத் தின்னவில்லை. அலங்காரத்துக்கு வளர்த்த மரம், எந்த மருந்து எத்தனை தடவை அடித்தார்களோ. தின்ன வேண்டும் என்றால் சந்தையில் பழமாக விற்பதை வாங்குவது நல்லது. எதிர் வீட்டு ஆன்ட்டி அப்படித்தான் வாங்கிக் கண்ணாடி ஜாடியில் உப்புப் போட்டு வைத்திருக்கிறார். வருஷக்கணக்கில் ஊறிக் கறுத்துப்போன பழம். தொண்டை கட்டினால் ஒன்றை எடுத்துச் சுடுதண்ணீரில் நசுக்கிக் கொடுப்பார். வாயில் வைத்தால் நம்ம உப்பு நார்த்தங்காய்க்குச் சித்தப்பா பிள்ளை.

இரண்டாவது, ரிப்பன், கம்பி, மூங்கில் குச்சி எல்லாவற்றையும் அவிழ்த்தேன். ஒரு கம்பி பட்டைக்குள்ளேயே இறங்கியிருந்தது. காய்ந்த கிளை, உள்பக்கம் பார்த்து வளர்ந்த கிளை எல்லாம் கழித்தேன். காற்றும் வெயிலும் உள்ளே போக வேண்டும் என்ற ஹான் யான்ஜி வாக்கு.

மூன்றாவது, தொட்டி மாற்றினேன். வேர் சுருண்டு சுருண்டு ஒரு பந்தாகவே இருந்தது. ஓரத்து வேர்களை மெல்லப் பிரித்து, அழுகினதை வெட்டி, பழைய தொட்டியைவிட ஒரு சுற்று மட்டும் பெரிய தொட்டியில் வைத்தேன். ரொம்பப் பெரிய தொட்டி வைத்தால் வேர் எட்டாத மண்ணில் ஈரம் தங்கிவிடும். மண்ணோடு தேங்காய் நார்த்தூளும் கரடுமுரடான மணலும் கலந்தேன். ஒட்டுக் கட்டிய இடம் மண்ணுக்கு மேலேயே இருக்க வேண்டும். அதற்குக் கீழேயிருந்து துளிர் வந்தால் அது வேறு மரம். முள்ளோடு, மூன்று இலையாக வரும். உடனே கிள்ளிவிட வேண்டும். இல்லாவிட்டால் கும்குவாட் போய் அதுதான் நிற்கும்.

நாலாவது, தண்ணீர். விரலை மண்ணுக்குள் இரண்டு கணு விட்டுப் பார்ப்பேன். காய்ந்திருந்தால் கீழே வழிகிற மாதிரி ஊற்றுவேன். ஈரம் தெரிந்தால் தொடமாட்டேன். மழைநாளில் ஐந்தாறு நாள் ஊற்றாமலே இருந்ததுண்டு. தட்டில் தண்ணீர் நிற்கவே விடுவதில்லை. வேருக்கும் ஆகாது, இந்த ஊரில் கொசு வளர்த்தால் அபராதமும் உண்டு.

ஐந்தாவது, உரம். முதல் இரண்டு மாதம் ஒன்றுமே போடவில்லை. பத்தியம். புதுத்துளிர் வந்த பிறகுதான் கொஞ்சமாக. நரம்பு மட்டும் பச்சையாகவும் இலை மஞ்சளாகவும் வந்தபோது இரும்புச்சத்து கொடுத்தேன். மண் கொஞ்சம் அமிலத்தன்மையாக, 5.5 முதல் 6.5க்குள் இருந்தால்தான் இந்த மரத்தால் இரும்பை எடுத்துக்கொள்ள முடியும்.

வெயில் குறைந்தது ஆறு மணி நேரம் வேண்டும். எங்கள் காரிடார் கிழக்குப் பார்த்தது, நாலரை மணிதான் கிடைக்கும். தொட்டியை வெளியே தள்ளலாம் என்றால் நடக்க 1.2 மீட்டர் வழி விட வேண்டும் என்பது விதி. அந்த விஷயத்தில் ஒன்றும் செய்ய முடியவில்லை.

பூச்சிகள் வந்தன. இலைக்குள் வெள்ளைக் கோடு போட்டு ஓடும் இலைத்துளைப்பான், மாவுப்பூச்சி. மாவுப்பூச்சியைச் சோப்புத் தண்ணீரில் துடைத்தேன். ஒருநாள் இலைமேல் பறவை எச்சம் மாதிரி ஒன்று நகர்ந்தது. எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியின் புழு. ஏழெட்டு இலையைத் தின்றுவிட்டுப் பறந்து போனது. அதை விட்டுவிட்டேன். பழைய சீன நூல் ஒன்றில் ஆரஞ்சு மரங்களைப் பூச்சியிலிருந்து காக்க, மரத்தில் கூடு கட்டும் சிவப்பு எறும்புகளைக் கூட்டோடு சந்தையில் விற்பார்கள் என்று வருகிறது. நம்ம முசுறு எறும்புதான். அந்த நூலின் காலம் பற்றி அறிஞர்களுக்குள் சண்டை உண்டு. காரிடாரில் முசுறு விடும் யோசனையை வீட்டில் சொன்னேன். "மரமா நாமளா, நீங்களே முடிவு பண்ணிக்கோங்க"ன்னு பதில் வந்துச்சு.

2024 முழுக்க மரம் ஒரு பூகூடப் பூக்கவில்லை. இலை மட்டும் புதுசு புதுசாக வந்தது. தண்ணீரை நிறுத்திப் பார்க்கலாமா என்று ஜூலையில் கை அரித்தது. இரண்டாவது வருஷமும் கொன்றுவிடுவோமோ என்ற பயத்தில் விட்டுவிட்டேன். 2025 பிப்ரவரியில் நாங்கள் பத்து நாள் ஊருக்குப் போய் வந்தோம். பக்கத்து வீட்டில் சொல்லி வைக்க மறந்துவிட்டது. மழையும் இல்லை. திரும்பி வந்தபோது இலையெல்லாம் சுருண்டு தொங்கியது. பையைக்கூட இறக்காமல் தண்ணீர் ஊற்றினேன். முடிந்தது கதை என்றுதான் நினைத்தேன்.

மூன்று வாரம் கழித்துக் காரிடாரில் ஒரு வாசனை. வெள்ளையாகச் சின்னச் சின்னப் பூ. எண்ணிப் பார்த்தேன், முப்பதுக்கு மேல். அதில் பெரும்பாலும் உதிர்ந்துபோனது. நாலு மட்டும் காயாக நின்று, அக்டோபரில் பழுத்தது. எந்தப் புத்தாண்டுக்கும் இல்லாத மாதம். ஒன்றை எதிர் வீட்டு ஆன்ட்டிக்குக் கொடுத்தேன். வாங்கிப் பார்த்தவர், "புத்தாண்டுக்கு இன்னும் நாள் இருக்கே, அதுக்குள்ள என்ன அவசரம்?" என்றார். இரண்டை நாங்கள் சாப்பிட்டோம். இந்தப் பழத்துக்கு மருந்து அடித்தது யாரும் இல்லை.

நாலாவதை மரத்திலேயே விட்டு வைத்திருக்கிறேன். 210 நாளைத் தாண்டி அது எவ்வளவு இனிக்கும் என்று பார்க்கணும்.